சொற்கூட்டும் பொருள்கோளும்: இராமாநுசர் வாழ்வில் இலக்கணவழி மறைப்பொருள் காணல்

இராமாநுசரைச் (1017–1137) சமயச் சீர்திருத்தராகவும், திருவரங்கக் கோயில் ஒழுகு வகுத்தவராகவும், விசிட்டாத்துவைத நெறியின் ஆசிரியராகவும் காட்டும் நூல்கள் பல. அவர் வாழ்வின் திருப்பங்கள் பலவற்றில் பூசலுக்கு முதலாய் நின்றது ஒரு சொல்லின் பகுதியோ, ஒரு விகுதியின் பொருளோ, ஒரு தொடரின் முடிபோ என்பது அதே அழுத்தத்துடன் பேசப்படுவதில்லை. வாழ்வு பற்றிய செய்திகளுக்குக் குருபரம்பரை நூல்களே பெரும்பாலும் சான்று. அவற்றில் புனைவும் வரலாறும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன. 120 ஆண்டு என்னும் வாழ்நாளையே ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். எனினும் அந்நூல்கள் கூறும் சொல்லாராய்ச்சிப் பூசல்களின் உட்பொருள், இராமாநுசர் இயற்றிய வேதார்த்த சங்கிரகத்திலும் ஸ்ரீபாஷ்யத்திலும் வாதமாகவே இடம்பெற்றுள்ளது. நிகழ்ச்சியை ஐயுறலாம்; அந்நிகழ்ச்சி சுட்டும் இலக்கணக் கொள்கையை ஐயுற இடமில்லை.

பூதபுரியும் காஞ்சியும்

இன்று வாகனத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் நிலப்பகுதி, பதினோராம் நூற்றாண்டில் ஏரிப்பாசன ஊர்களின் தொகுதி. பூதபுரி எனப் புராணப் பெயர் பெற்ற பெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலை அடுத்து, கேசவ சோமயாசியார்க்கும் காந்திமதியார்க்கும் மகனாகச் சித்திரைத் திருவாதிரையில் இராமாநுசர் பிறந்தார். இளையாழ்வார் என்னும் பிள்ளைப் பெயரை இட்டவர் தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி. பின்னாளில் அவரைச் சூழ்ந்து நின்றோர் பலரும் இந்நிலப்பகுதியினரே. சிற்றன்னை மகனாகிய கோவிந்தர் (எம்பார்) அருகிலுள்ள மதுரமங்கலத்தவர். திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லியினர். கூரத்தாழ்வான் காஞ்சியை ஒட்டிய கூரத்தினர். ஒரு பெரும் உரைமரபின் முதல் தலைமுறை இவ்வளவு நெருங்கிய ஊர்களிலிருந்து எழுந்தமை, காஞ்சியைச் சுற்றியிருந்த கல்விச் சூழலின் செறிவைக் காட்டுகிறது.

தந்தை மறைந்தபின் இளையாழ்வார் காஞ்சிக்குக் குடிபெயர்ந்து, யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயிலலானார். யாதவர் பேதாபேதக் கொள்கையினர். வைஜயந்தி என்னும் வடமொழி நிகண்டின் ஆசிரியரும் இவரே என்பது அறிஞர் பலர் கருத்து. அக்கருத்து சரியாயின், சொற்பொருளில் ஆசிரியரோடு முரணிய மாணவன் எதிர்கொண்டது நிகண்டு செய்த ஒருவரையே என்பது கருதத்தக்கது.

ஒரு சொல்லைப் பிரித்தல்

முரண் முற்றிய இடம் சாந்தோக்கிய உபநிடதத்தில், பரம்பொருளின் கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் பகுதி. அத்தாமரைக்கு அடையாக வரும் சொல் கப்யாசம். கபி எனின் குரங்கு. ஆசம் எனின் இருக்கை. இவ்வாறு பிரித்தால் குரங்கின் பின்புறச் செம்மை தாமரைக்கும், அதன்வழிக் கண்ணுக்கும் உவமையாகிறது. இப்பொருள் யாதவரின் புத்தாக்கம் அன்று. சங்கரரின் உரையிலும் இது உண்டு. உவமைக்கு உவமையாக வருதலின் இழிவு இல்லை என்னும் அமைதியும் அங்கே கூறப்பட்டுள்ளது. ஆசிரியர்க்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவனின் கண்ணீர் அவர் தொடைமேல் சுடச்சுட வீழ்ந்தது எனக் குருபரம்பரை கூறும்.

கண்ணீர் பக்தியைக் காட்டும்; மறுப்புக்கு அது போதாது. மறுப்பை இராமாநுசர் சொற்பிரிப்பால் நிறுவினார். கம் என்பது நீர். நீரைப் பருகுவது கபி. எனவே கபி கதிரவனைக் குறிக்கும் காரணப்பெயர். ஆசம் என்பதன் பகுதியை இருத்தற்பொருளில் கொள்ளாது மலர்தற்பொருளில் கொண்டால், கதிரவனால் மலர்ந்த தாமரை என்னும் பொருள் கிடைக்கிறது. வேதார்த்த சங்கிரகத்தில் இத்தொடருக்கு அவர் தரும் விளக்கம் ஒரே நீண்ட தொகைச்சொல்லாய் அமைந்தது: ஆழ்ந்த நீரில் தோன்றியது, செழுந்தண்டின்மேல் நிற்பது, கதிரவன் கதிரால் மலர்ந்தது என மூன்று பிரிப்புகளையும் அது உள்ளடக்கியது. ஒன்றைத் தேர்ந்து பிறவற்றைத் தள்ளாமல், இலக்கணம் இடந்தரும் தகுபொருள் அனைத்தையும் ஏற்ற பாங்கு கவனிக்கத்தக்கது. இடுகுறியாக வழங்கும் சொல்லைக் காரணப்பெயராக்குதல் எந்தப் பொருளையும் எந்தச் சொல்லிலிருந்தும் வருவிக்க வழிவிடும் என்னும் தடை இங்கு எழக்கூடும். அத்தடை வலுவுடையதே. இராமாநுசர்க்குத் துணைநிற்பது இடம்: கண்ணின் அழகைச் சொல்ல வந்த தொடரில் அழகுக்கு ஒவ்வாத பொருளைச் சொல் தருமாயின், வேறு பிரிப்பை நாடுதல் உரையாசிரியன் கடன்.

பல சொல், ஒரு பொருள்

மற்றொரு பூசல் இன்னும் ஆழமானது. தைத்திரீய உபநிடதம் மெய்ம்மை, அறிவு, எல்லையின்மை ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று சொற்களைப் பிரமம் என்னும் பெயரோடு ஒரே வேற்றுமையில் அடுக்குகிறது. அத்துவைத உரைப்படி இம்மூன்றும் பண்பு கூறுவன அல்ல. பொய்ம்மை, சடம், எல்லையுடைமை ஆகியவற்றை விலக்கிப் பிளவற்ற ஒரே பொருளைச் சுட்டுவனவே. பண்பு மூன்று எனின் பொருளில் பன்மை புகும் என்பது அவர்கள் அச்சம்.

இராமாநுசர் இங்கு இலக்கணிகளின் வரையறையைக் கைக்கொண்டார். வெவ்வேறு காரணம் பற்றி வழங்கும் சொற்கள் பல, ஒரு பொருளின்மேல் சென்று முடிதலே சாமானாதிகரணியம் என்பது வையாகரணர் கொள்கை. இவ்வரையறையில் இரு கூறுகள் உள்ளன. பொருள் ஒன்று, சொல் வழங்குதற்குரிய காரணம் பல. காரணமும் ஒன்றே எனின் சொற்கள் ஒருபொருட் பன்மொழியாய்விடும். அடுக்கியதனால் பயன் இராது. கருங்குவளை என்னும்போது கருமையும் குவளைத்தன்மையும் வேறு. இரண்டையும் உடைய மலர் ஒன்று. பண்புகளின் பன்மை மலரைப் பலவாக்குவதில்லை. அதுபோல மூன்று சொற்களும் மூன்று பண்புகளைச் சொல்லி, அவற்றையுடைய பொருள் ஒன்றெனக் காட்டும். ஒருமையைக் காட்டும் அதே தொடரமைப்பு பண்புகளின் பன்மையையும் வேண்டி நிற்கிறது என்பதே வாதத்தின் உயிர்.

தமிழிலக்கண அறிவுடையார்க்கு இது அயலான கருத்தன்று. ஒரு பொருள்மேல் வரும் பல பெயர்கள் வேறுவேறு வினை கொண்டு முடிதல் பொருளின் ஒருமைக்கு ஒவ்வாது என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுத்துள்ளது. இராமாநுசர் தொல்காப்பியத்தை நோக்கினார் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் பெயர்களின் அடுக்கில் ஒருமை எங்கே, பன்மை எங்கே என்னும் வினா இரு மரபுகளிலும் எழுந்துள்ளது.

அது நீ ஆகிறாய் என்னும் கருத்துடைய உபநிடத வாக்கியத்திற்கும் இதே கருவி பயன்பட்டது. அது என்னும் சொல் உலகிற்குக் காரணமான பரம்பொருளையும், நீ என்னும் சொல் உயிரையும் குறிப்பன. இரு சொற்களின் நேர்ப்பொருளையும் ஓரளவு கைவிட்டு, இலக்கணையால் ஒருமை காண்பது அத்துவைத வழி. உடலைக் குறிக்கும் சொல் உடலளவில் நில்லாது உயிர்வரை செல்வது உலக வழக்கு. உயிரைக் குறிக்கும் சொல்லும் அவ்வுயிரையே உடலாகக் கொண்ட இறைவன்வரை செல்லும் என்றார் இராமாநுசர். எச்சொல்லையும் கைவிடாமல் ஒருமை கைகூடியது. உடல்–உயிர் உறவு என்னும் அவர் தத்துவத்தின் மையக்கருத்து, ஒரு வாக்கியத்தின் சொல்முடிபைக் காக்கும் முயற்சியோடு பிணைந்தே வளர்ந்தது என்று கொள்வது மிகையாகாது.

மறைநூல் தொடரை இலக்கணக் கருவியால் துருவும் இம்முறை ஒரு சமயத்துக்கே உரியதன்று. யோவான் நற்செய்தியின் தொடக்க வசனத்தில், கடவுள் என்னும் கிரேக்கப் பெயர் ஓரிடத்தில் வரையறைச் சுட்டு இன்றி வருவதன் பொருள் பற்றி விவிலிய அறிஞர் இடையறாது வாதிட்டு வந்துள்ளனர். அங்கும் வினா இராமாநுசரின் வினாவை ஒத்தது: எழுவாயோடு பெயர்ப்பயனிலை கூடும்போது முற்றொருமை பெறப்படுகிறதா, தன்மை பெறப்படுகிறதா? அந்நூலைத் தமிழாக்கியோர்க்கு வேறொரு வினாவும் எழுந்தது. கிரேக்கத் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்துவது, படுத்தாதது என இருவகை. நாம், நாங்கள் என்னும் இரண்டில் ஒன்றைத் தெரியுந்தோறும், மூலம் வாய்திறவாத ஒன்றைப் பெயர்ப்பாளர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

காஞ்சியில் எழுந்த பூசல்கள் சொல்லோடு நிற்கவில்லை. காசி யாத்திரையில் இளையாழ்வாரைக் கொல்லச் சூழ்ச்சி நடந்தது என்றும், விந்திய மலைப்பகுதியில் கோவிந்தர் எச்சரிக்கத் தப்பினார் என்றும், வேடர் இருவர் வழிகாட்டக் காஞ்சி மீண்டார் என்றும் வரலாறு கூறும். பின்னாளில் யாதவரே அவர்க்கு மாணவரானார் என்பதும் அம்மரபினதே.

திருவரங்கம்: ஆசிரியரோடு மீண்டும் ஒரு முரண்

ஆளவந்தார் மறைந்தபின், மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் சமாசிரயணம் பெற்றுத் துறவும் பூண்ட இராமாநுசர் திருவரங்கம் சேர்ந்தார். ஆளவந்தாரின் மாணவர் ஐவரிடம் வெவ்வேறு பொருள்களைக் கேட்டார். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து திருமந்திரப் பொருள் பெற்றது பலரும் அறிந்த வரலாறு. நாராயணன் என்னும் பெயரை வேற்றுமைத்தொகையாகக் கொண்டால் உயிர்களுக்கு இருப்பிடம் என்றும், அன்மொழித்தொகையாகக் கொண்டால் உயிர்களைத் தன் இருப்பிடமாக உடையவன் என்றும் இருபொருள் விரியும். பின்வந்த இரகசிய நூல்கள் முதற்பொருளில் இறைவன் மேன்மையையும், அடுத்ததில் அவன் உள்நின்று இயங்குதலையும் காண்கின்றன.

தமிழாய்வுக்கு இவற்றினும் இன்றியமையாதது திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்ட வரலாறு. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி, மூன்றாம் பாசுரத்தில் பாடம் தடைப்பட்டது. அப்பாசுரத்தில் அறியாமையைக் குறிக்கும் எதிர்மறைப் பெயரெச்சம் இருமுறை வருகிறது: ஒன்று காலத்திற்கு அடை, மற்றொன்று மாயைக்கு அடை. அடிமையில் அன்பு உண்டாக்குதலைச் சொல்லும் வினையெச்சம் ஒன்று. வைத்தல் என்னும் வினையின் முன்னிலை முற்று ஒன்று. ஆண்டான் சொற்கள் கிடந்தவாறே கொண்டார். அறியாப் பருவத்திலேயே அன்பை விளைவித்தாய். விளைவித்த பின்னும் அடியேனை இம்மாயையிலேயே வைத்திருக்கிறாய் என ஆழ்வார் வருந்துகிறார் என்பது அவர் உரை. எச்சமும் முற்றும் இருவேறு செயல்கள். மாயை முற்றுவினைக்கு இடம்.

இராமாநுசர் முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களை நோக்கினார். அத்திருவாய்மொழி முழுதும் கலந்து மகிழ்ந்த ஆழ்வார் நன்றி பெருக்கும் இடம். நடுவே ஒரு முறையீடு ஒட்டாது. எனவே மாயையை முற்றிலிருந்து பிரித்து அடியேன் என்னும் பெயரோடு கூட்டினார். எச்சத்தையும் முற்றையும் ஒருசெயலாக இணைத்தார். மாயையில் அழுந்திக் கிடந்த அடியேனை, ஒன்றும் அறியாத அக்காலத்திலேயே, அடிமையில் அன்புடையவனாகச் செய்துவைத்தாய் என்பது இப்போது கிடைத்த பொருள். ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை, குறைக்கப்படவுமில்லை. இடமாற்றம் ஒன்றால் முறையீடு நன்றியாயிற்று. வைத்தல் என்னும் வினை தன் தனிப்பொருள் குன்றித் துணைவினை நிலைக்கு நெருங்குவதையும் இங்கே காணலாம்.

யாப்பருங்கல விருத்தி, நன்னூல் ஆகியன கூறும் பொருள்கோள் வகைகளுள் கொண்டுகூட்டில் இது அடங்கும். செய்யுளில் சொற்கள் இயல்பாகவே இடம்பெயர்ந்து நிற்றலின், எது கிடந்தவாறு கொள்ளத்தக்கது, எது மாற்றிக் கூட்டத்தக்கது என்பதற்கு இலக்கணம் விதி தருவதில்லை. இசைவு மட்டுமே தருகிறது. தேர்வுக்கு இராமாநுசர் கொண்ட அளவுகோல் திருவாய்மொழி முழுமையின் ஓட்டம். கப்யாசத்தில் சொல்லை உடைத்தபோதும் அவர் நம்பியது இடத்தையே. காஞ்சியில் வடமொழித் தொடரில் பயின்ற முறை திருவரங்கத்தில் தமிழ்ப் பாசுரத்தில் தொழிற்பட்டது. இரு மொழி மறைகளும் ஒருநிகர் என்னும் உபயவேதாந்தக் கொள்கை, கொள்கையளவில் நில்லாது உரைமுறையிலும் செயற்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

ஆண்டானுக்கு இது ஏற்கவில்லை. ஆளவந்தாரிடம் கேளாத பொருள் விசுவாமித்திர சிருட்டி எனக் கூறிப் பாடத்தை நிறுத்தினார். மரபுவழிக் கேள்வியை மதிக்கும் சூழலில் இது எளிய குற்றச்சாட்டன்று. ஆசிரியர் வாயில் வராத பொருள் எத்துணை நயமுடையதாயினும் பொருளாகாது. திருக்கோட்டியூர் நம்பி வந்து, இதே பொருளை ஆளவந்தார் கூறத் தாம் கேட்டதுண்டு என்று சான்றுரைத்த பின்னரே பாடம் தொடர்ந்தது. வழக்கைத் தீர்த்தது இலக்கணமன்று, கேள்வி. இலக்கணத்தால் சென்றடைந்த பொருளும் கேள்வியால் வந்த பொருளும் ஒன்றாயிருந்தமையைக் குருபரம்பரையாசிரியர்கள் வியந்து போற்றுவர். நம்பி வந்திராவிடில் என்னவாகியிருக்கும் என்னும் வினாவை அவர்கள் எழுப்பவில்லை.

ஸ்ரீபாஷ்யமும் பின்னரும்

பிரம சூத்திரத்திற்குப் போதாயனர் விருத்தியைத் தழுவி உரை செய்ய விரும்பிக் காச்மீரம் சென்று அந்நூலைக் கண்டதாகவும், கூரத்தாழ்வான் அதனை நினைவில் இருத்தியதாகவும் கூறுவர். ஸ்ரீபாஷ்யம் முதற் சூத்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தே தொடங்குகிறது. பிரமத்தை அறியும் வேட்கை என்னும் தொகை எவ்வேற்றுமையால் விரியும் என்பதை ஆராய்ந்து, செயப்படுபொருட்கண் வந்த ஆறாம் வேற்றுமை எனப் பாணினியின் விதிகொண்டு நிறுவுகிறது. ஆனந்தமயன் என்னும் சொல் பற்றிய பகுதியில் வழக்கு முழுவதும் ஒரு விகுதியின்மேல் நிற்கிறது. மய என்னும் விகுதி திரிபுப் பொருளிலும் வரும், மிகுதிப் பொருளிலும் வரும். திரிபு எனின் ஆனந்தமயன் பிரமம் ஆகான். மிகுதி எனின் எல்லையற்ற இன்பமுடைய இறைவனே ஆவான். இராமாநுசர் இரண்டாவதைக் கொண்டார். சூத்திரமும் அதற்கு இடந்தருகிறது. தமிழில் இன்றும் எங்கும் ஒரே மக்கள்மயம் என்னும் வழக்கில் அவ்விகுதி மிகுதிப்பொருளையே தருகிறது.

உரையை எழுதியவர் ஆழ்வான். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதுகோலை நிறுத்த வேண்டும் என்பது அவர்க்கு இட்ட கட்டளை. உயிரின் இயல்பை அறிவோனாதல் என்ற அளவில் வரையறுத்தபோது, இறைவனுக்கு உரிமைப்பட்டதாதல் அதில் இடம்பெறாமையின் ஆழ்வான் நிறுத்தினார். இராமாநுசர் முதலில் சினந்தார். பின்பு தம் சொல்லைத் திருத்தினார். ஆண்டானின் மாணவராய் நின்று அவர் செய்ததை, அவர் மாணவர் அவரிடம் செய்தார்.

அதே ஆழ்வான் பின்னர் ஒரு சொல்லின் இருபொருளால் கண்களை இழந்தார். சிவத்தின் மேலானது இல்லை என்று ஒப்பமிடுமாறு சோழ மன்னன் பணித்தபோது, சிவம் என்னும் சொல்லுக்குக் குறுணி என்னும் முகத்தலளவைப் பொருளும் உண்மையைப் பற்றி, அதனினும் பதக்கு மேலானது என்று எழுதினார் எனக் குருபரம்பரை கூறும். அம்மன்னன் எவன் என்பது வரலாற்றறிஞரிடை முடிவாகவில்லை. இராமாநுசர் மேலைக் கருநாட்டுத் திருநாராயணபுரத்தில் பல்லாண்டு தங்கி, அச்சம் நீங்கியபின் அரங்கம் மீண்டார். சொற்பொருளுக்குக் கொடுத்த விலை இவ்வளவாக இருந்த காலத்தில், உரை வேறுபாடு கல்விக்கழகத்துப் பொழுதுபோக்காக இருந்திருக்க இயலாது.

இராமாநுசரின் ஒன்பது நூல்களும் வடமொழியில் ஆயின. தமிழில் அவர் எழுதியதாக ஒன்றும் இல்லை. திருவாய்மொழிக்கு உரை வரைய அவர் பணித்தவர், பெரிய திருமலை நம்பியின் மகனாகிய திருக்குருகைப்பிரான் பிள்ளான். ஆறாயிரப்படி அவ்வாறு தோன்றியது. அதன்பின் நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்து நாலாயிரம், நம்பிள்ளையின் சொற்பொழிவை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு, சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் வாதிகேசரி அழகிய மணவாள சீயரின் பன்னீராயிரம் என உரைகள் பெருகின. பெரும்புதூரில் அவர் வாழ்நாளிலேயே எழுந்தருளச் செய்யப்பட்டதாகப் போற்றப்படும் திருவுருவம் தானுகந்த திருமேனி எனப்படும். அவருடைய தமிழ் உரைக்கு அத்தகைய நேர்ப்படிமம் இல்லை. பிறர் உரைகளில் எம்பெருமானார் அருளிச்செய்வது என்னும் குறிப்போடு சிதறிக் கிடக்கும் நிருவாகங்களே எஞ்சியுள்ளன. இரண்டாம் பத்தின் அப்பாசுரத்திற்கு ஈடு அவர் கொண்டுகூட்டிய பொருளைத் தருகிறது. ஆண்டான் கூறிய பொருளையும், பாடம் நின்றதையும் அதனோடு சேர்த்தே பதிந்து வைத்துள்ளது.